பனித்துளி, மூடுபனி, மேகம்... மூன்றும் ஒரே தண்ணீர்தான்! காற்றில் ஒளிந்திருக்கும் ஈரம் கண்ணுக்குத் தெரிவது எப்படி?

மார்கழி, தை மாதங்களில் காலையில் எழுந்து பார்த்தால் பைக் சீட் நனைந்திருக்கும். கார் கண்ணாடியில் தண்ணீர் வழியும். "நைட்டு ஃபுல்லா பனி கொட்டியிருக்கு" என்பார்கள். அதே நேரத்தில் செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் தேசிய நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரியே தெரியாத அளவுக்கு மூடுபனி. கொடைக்கானலில் தூண் பாறையைப் பார்க்கப் போனவர்களுக்கு வெறும் வெள்ளைத் திரை மட்டும்தான் தெரிகிறது.

பனித்துளி, மூடுபனி, மேகம் என்று பெயர்தான் வேறு வேறு. மூன்றுக்கும் மூலப்பொருள் ஒன்று. காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் நீராவி. அது எங்கே, எப்படிக் குளிர்கிறது என்பதை வைத்துத்தான் பெயர் மாறுகிறது. இதைப் புரிந்துகொண்டால் அதிகாலையில் வண்டி ஓட்டுபவர்கள், நெல் போட்டிருக்கும் விவசாயிகள், போகிக்குப் பழைய டயரை எரிக்க நினைப்பவர்கள் என்று எல்லோருக்கும் பயன் உண்டு.

காற்றில் தண்ணீர் இருப்பது ஏன் தெரிவதில்லை?

கடல், ஏரி, ஈரமான மண், செடி கொடிகளின் இலைகள் என எல்லா இடத்திலிருந்தும் தண்ணீர் ஆவியாகிக் கொண்டே இருக்கிறது. அந்த நீராவி நிறமில்லாத வாயு. கண்ணுக்குத் தெரியாது.

"அப்போ இட்லிப் பானையிலிருந்து வெள்ளையா வருதே, அது என்ன?" என்று கேட்கலாம். அது நீராவி இல்லை. கொதிக்கும் கெட்டிலின் மூக்கை உற்றுப் பார்த்தால், துளைக்கு மிக அருகே கொஞ்ச தூரத்துக்கு எதுவுமே தெரியாது. உண்மையான நீராவி அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. வெளிக்காற்றில் கலந்து குளிர்ந்த பிறகு அது நுண்ணிய நீர்த்துளிகளாக மாறுகிறது. வெள்ளையாகத் தெரிவது அந்தத் துளிகள். அடுப்படியில் நடக்கும் இதே வேலைதான் வானத்தில் பெரிய அளவில் நடக்கிறது.

எவ்வளவு நீராவி இருக்க முடியும்?

இதற்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பை முடிவு செய்வது வெப்பநிலை. ஒரு கன மீட்டர் இடத்தில், அதாவது ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் கொண்ட பெட்டி அளவு இடத்தில், அதிகபட்சமாக இருக்கக்கூடிய நீராவியின் அளவு இப்படி மாறும்:

30 டிகிரி செல்சியஸில் சுமார் 30 கிராம்
20 டிகிரியில் சுமார் 17 கிராம்
10 டிகிரியில் சுமார் 9 கிராம்
0 டிகிரியில் சுமார் 5 கிராம்

மாலையில் 30 டிகிரி வெயில் இருக்கும்போது அந்தப் பெட்டிக்குள் 17 கிராம் நீராவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வரம்பில் பாதிக்குச் சற்று மேல். ஈரப்பதம் சுமார் 57 சதவீதம் என்று வானிலை அறிக்கை சொல்லும். இரவு வெப்பநிலை 20 டிகிரிக்கு இறங்கினால், புதிதாக ஒரு சொட்டு ஈரம் கூட வந்து சேராமலேயே ஈரப்பதம் 100 சதவீதம் ஆகிவிடும். இன்னும் குளிர்ந்தால்? வரம்பைத் தாண்டிய நீராவி தண்ணீராக மாறியே ஆக வேண்டும்.

இப்படி நீராவி தண்ணீராக மாறத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பெயர் பனிநிலை. மேலே சொன்ன உதாரணத்தில் பனிநிலை 20 டிகிரி. ஐஸ் போட்ட ஜூஸ் டம்ளருக்கு வெளியே முத்து முத்தாகத் தண்ணீர் நிற்பதும் இதனால்தான். டம்ளர் கசியவில்லை. அதன் வெளிப்பக்கம் காற்றின் பனிநிலையை விடக் குளிர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

பனி மேலிருந்து பெய்கிறதா?

"பனி பெய்யுது", "பனி கொட்டுது" என்பதெல்லாம் பேச்சு வழக்கு. உண்மையில் பனித்துளி மழை போல மேலிருந்து விழுவதில்லை. எந்தப் பொருளின் மேல் இருக்கிறதோ அந்தப் பொருளின் மேலேயே உருவாகிறது.

பகலில் சூரிய வெப்பத்தை வாங்கிய தரை, புல், இலை, தகரம், கண்ணாடி எல்லாம் இரவில் அந்த வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வானத்தை நோக்கி வெளியேற்றுகின்றன. மேகம் இருந்தால் அது ஒரு போர்வை மாதிரி கணிசமான வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். வானம் தெளிவாக இருந்தால் வெப்பம் தங்குதடையின்றிப் போய்விடும். புல்லின் நுனியும் காரின் கூரையும் சுற்றியுள்ள காற்றை விடச் சில டிகிரி அதிகமாகவே குளிர்ந்துவிடும். அவை பனிநிலைக்குக் கீழே போனதும், தொடும் காற்றில் உள்ள நீராவி அங்கேயே துளியாகிறது.

இதை முறையாகச் சோதித்துப் பார்த்தவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ். லண்டனில் வாழ்ந்த மருத்துவர். பனி வானிலிருந்து இறங்குகிறதா, மண்ணிலிருந்து எழுகிறதா என்று அறிஞர்கள் விவாதித்துக் கொண்டிருந்த காலம் அது. வெல்ஸ் சம எடையுள்ள கம்பளிப் பஞ்சுகளைப் பலகையின் மேல் பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் இரவு முழுக்க வைத்து, காலையில் எடை போட்டார். வானத்தை நேராகப் பார்த்த பஞ்சுதான் அதிக ஈரம் வாங்கியிருந்தது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தபோது, புல் முதலில் குளிர்கிறது, பிறகுதான் பனி படிகிறது என்பதும் தெரிந்தது. 1814-ல் அவர் வெளியிட்ட பனி பற்றிய கட்டுரை இன்றும் வானிலை அறிவியலின் முக்கியமான நூல்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இப்போது தினமும் பார்க்கும் சில விஷயங்களுக்கு விடை கிடைக்கும்.

மரத்தடியில் நிறுத்திய கார் ஏன் நனைவதில்லை? மரக்கிளை வானத்தை மறைப்பதால் கார் அவ்வளவாகக் குளிர்வதில்லை.

காற்று வீசும் இரவில் ஏன் பனி குறைவு? குளிர்ந்த பரப்பின் மீது மேலே உள்ள வெதுவெதுப்பான காற்று வந்து கலந்துகொண்டே இருப்பதால்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஏன் பனி அதிகம்? வடகிழக்குப் பருவமழையில் மண்ணும் ஏரிகளும் நிறைந்து ஈரம் தாராளமாக இருக்கும். மேகம் விலகி வானம் தெளிந்திருக்கும். இரவும் நீளம். மூன்றும் ஒன்றுசேரும் காலம்தான் மார்கழியும் தையும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. காலையில் புல் நுனியில், நெல் இலை நுனியில் வரிசையாக ஒற்றைத் துளிகள் நிற்பதெல்லாம் பனி அல்ல. வேர் உறிஞ்சிய தண்ணீரைச் செடியே இலை நுனி வழியாக வெளியே தள்ளுவதும் உண்டு. இலை முழுக்கப் பொடிப்பொடியாகப் பரவியிருந்தால் அதுதான் பனி.

விவசாயிக்கு இது அழகு மட்டுமல்ல. இலை பல மணி நேரம் ஈரமாகவே இருந்தால் பூஞ்சை வளர வசதி. இரவுக் குளிர், பனி, அதிக ஈரப்பதம் மூன்றும் சேர்ந்தால் நெல்லில் குலைநோய் தாக்கும் வாய்ப்பு கூடுகிறது. பனிக்காலத்தில் வயலை அடிக்கடி பார்க்கச் சொல்வது இதற்குத்தான்.

டாஸ் ஜெயித்தால் ஏன் பவுலிங்?

பகலிரவு கிரிக்கெட் மேட்ச்களில் "டியூ ஃபேக்டர்" என்று வர்ணனையாளர்கள் அடிக்கடி சொல்வது இந்தப் பனியைத்தான். இரவு ஏற ஏற மைதானப் புல் நனையும். பந்து ஈரமாகிவிட்டால் சுழற்பந்து வீச்சாளருக்குப் பிடிமானம் கிடைக்காது. யார்க்கர் போட நினைத்தால் கை வழுக்கி ஃபுல் டாஸ் ஆகும். இரண்டாவதாக பேட்டிங் செய்யும் அணிக்கு லாபம். அதனால்தான் டாஸ் ஜெயித்த கேப்டன்கள் பலரும் முதலில் பந்துவீசத் தயாராகிறார்கள். மைதான ஊழியர்கள் நீளமான கயிற்றைப் புல்வெளி மேல் இழுத்துக்கொண்டு ஓடுவதும் துளிகளைத் தட்டிவிடத்தான்.

ஊட்டியில் மட்டும் ஏன் உறைபனி?

பனி படியும் பரப்பு 0 டிகிரிக்கும் கீழே போய்விட்டால், நீராவி தண்ணீராக மாறாமல் நேரடியாகப் பனிக்கட்டித் துகளாகவே படியும். இதுதான் உறைபனி. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில், தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற பள்ளத்தாக்குப் பகுதிகளில் குளிர்காலக் காலைகளில் புல்வெளி வெள்ளைக் கம்பளம் போல மாறுவது இதனால்தான்.

மேட்டை விடப் பள்ளத்தில் உறைபனி அதிகம். காரணம், குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கிவிடும்.

இங்கே இன்னொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வானிலை அறிக்கையில் 2 அல்லது 3 டிகிரி என்று இருந்தாலும் உறைபனி விழலாம். ஏன்னா, வெப்பமானி தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், கூண்டுக்குள் இருக்கிறது. தரையில் கிடக்கும் புல் அதை விடக் குளிர்ந்திருக்கும்.

உறைபனியில் தேயிலைக் கொழுந்தும் மலைக்காய்கறிகளும் கருகிவிடும். செல்களுக்குள்ளும் வெளியிலும் இருக்கும் தண்ணீர் உறைந்து செல்களைச் சிதைப்பதே காரணம். அதனால்தான் நீலகிரியில் அதிகாலையில் செடிகள் மீது தண்ணீர் தெளிக்கிறார்கள், பூங்காக்களில் மிலார் செடிகளைக் கொண்டு மலர்ச் செடிகளை மூடி வைக்கிறார்கள். மூடினால் என்ன ஆகும்? செடி நேராக வானத்தைப் பார்க்காது. வெல்ஸின் பலகைக்கு அடியில் இருந்த பஞ்சின் அதே கதைதான்.

மூடுபனி எப்படி வருகிறது?

தரை மட்டும் குளிர்ந்தால் பனித்துளி. தரைக்கு மேலே உள்ள காற்று அடுக்கே பனிநிலைக்குக் கீழே குளிர்ந்துவிட்டால் மூடுபனி. காற்று துளிகூட அசையாமல் இருந்தால் ஈரமெல்லாம் புல்லில் படிந்து பனித்துளியோடு முடிந்துவிடும். லேசான காற்று இருந்தால் அந்தக் குளிர் மேலே கொஞ்ச தூரம் வரை கலந்து, காற்றிலேயே நுண்துளிகள் மிதக்கத் தொடங்கும். பலமான காற்று அடித்தால் எல்லாம் கலைந்துவிடும்.

ஏரி, வயல், ஆற்றங்கரை ஓரம் போகும் சாலைகளில் திடீரென்று மூடுபனி சூழ்வதற்கும் இதுதான் காரணம். அங்கே ஈரம் அதிகம், காற்று தேங்கும் பள்ளமும் இருக்கும்.

பார்வைத் தூரம் 1,000 மீட்டருக்குக் கீழே போனால்தான் வானிலை மொழியில் அது மூடுபனி. இந்திய வானிலை ஆய்வு மையம் இதை நான்காகப் பிரிக்கிறது. 500 முதல் 1,000 மீட்டர் வரை லேசான மூடுபனி, 200 முதல் 500 வரை மிதமானது, 50 முதல் 200 வரை அடர்த்தியானது, 50 மீட்டருக்கும் கீழே என்றால் மிக அடர்த்தியானது.

டெல்லி, பஞ்சாப், உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட கங்கைச் சமவெளியில் டிசம்பர், ஜனவரியில் இந்த மூடுபனி நாள் கணக்கில் கூட நீடிக்கிறது. விமானங்களும் ரயில்களும் தாமதமாகின்றன. அங்கே மூடுபனி எப்படி உருவாகிறது, எப்போது கலைகிறது என்பதை அறிய டெல்லி விமான நிலையத்தில் 2015-ல் தனி ஆய்வுத் திட்டமே தொடங்கப்பட்டது.

தமிழ்நாட்டில் பெரும்பாலும் காலை 8, 9 மணிக்குள் கலைந்துவிடும். சூரியன் மேலிருந்து மூடுபனியை "எரிப்பதாக" நினைப்பது தவறு. வெயில் ஊடுருவித் தரையைச் சூடாக்கும், தரை காற்றைச் சூடாக்கும், துளிகள் அடியிலிருந்து ஆவியாகும். ஆனால் சூரியன் உதித்த உடனே சில நேரம் மூடுபனி இன்னும் அடர்த்தியாவதும் உண்டு. "விடிஞ்சிருச்சு, இனி வேகமா போகலாம்" என்ற எண்ணம் ஆபத்தானது.

போகி அன்று மட்டும் ஏன் இவ்வளவு மோசம்?

நீராவி சுத்தமான காற்றில் சுலபமாகத் துளியாகாது. ஒட்டிக்கொள்ள ஏதாவது ஒரு துகள் வேண்டும். கடல் உப்பு, தூசி, புகை எல்லாமே அதற்கு உதவும். 1880-களில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் எய்ட்கன் இதைச் சோதனை மூலம் விளக்கினார். வடிகட்டிய தூசியில்லாத காற்றில் அவரால் மூடுபனியை உருவாக்க முடியவில்லை. சாதாரணக் காற்றில் உடனே உருவானது.

போகி அன்று அதிகாலையில் சென்னையில் நடப்பதும் இதுதான். பழைய பொருட்கள், டயர், பிளாஸ்டிக் எரியும் புகையில் கோடிக்கணக்கான நுண்துகள்கள் இருக்கும். குளிர்காலத்தில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும், அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்றும் இருப்பதால், புகை மேலே போக வழியில்லாமல் பானைக்கு மூடி போட்ட மாதிரி அடைபட்டுவிடும். ஒரே அளவு ஈரம் அதிகமான துகள்களுக்குப் பங்கு போடப்படுவதால் துளிகள் பொடியாகவும் எண்ணிக்கையில் மிக அதிகமாகவும் உருவாகும். பெரிய துளிகள் சிலவற்றை விடப் பொடித் துளிகள் ஏராளமாக இருந்தால் வெளிச்சம் அதிகம் சிதறும். பார்வைத் தூரம் சட்டென்று குறையும்.

2018 போகி அன்று சென்னைக்கு வந்த விமானங்கள் தரையிறங்க முடியாமல் வேறு நகரங்களுக்குத் திருப்பிவிடப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். மூடுபனி இயற்கை. புகை கலந்த மூடுபனியில் பாதி மனிதர் கைவேலை. ஆஸ்துமா, நுரையீரல் பிரச்சினை உள்ளவர்கள், முதியவர்கள், குழந்தைகள் அந்தக் காலையில் வீட்டுக்குள் இருப்பதே நல்லது.

வண்டி ஓட்டுபவர்கள் போட வேண்டிய கணக்கு

மூடுபனியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். தெரிகிற தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடியுமா?

80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடிக்குச் சுமார் 22 மீட்டர் ஓடும். தடையைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்தால், அதற்குள் 33 மீட்டர் போயிருக்கும். காய்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் சுமார் 35 மீட்டர். மொத்தம் கிட்டத்தட்ட 70 மீட்டர். பார்வைத் தூரம் 50 மீட்டர்தான் என்றால் மோதல் நிச்சயம். 40 கிலோமீட்டர் வேகத்தில் இதே கணக்கு சுமார் 25 மீட்டரில் முடிந்துவிடும். பனியில் நனைந்த சாலை, லோடு ஏற்றிய லாரி, பஸ் என்றால் தூரம் இன்னும் கூடும்.

ஹை பீம் போடக் கூடாது. துளிகளில் பட்டுச் சிதறும் வெளிச்சம் ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வந்து, முன்னால் வெள்ளைச் சுவர் மாதிரி தெரியும். லோ பீம், ஃபாக் லேம்ப் போதும்.

நடுச்சாலையிலோ, ஓரக்கோட்டை ஒட்டியோ வண்டியை நிறுத்தக் கூடாது. பின்னால் வருபவருக்குத் தெரியாது. பெட்ரோல் பங்க், ஹோட்டல் என சாலையை விட்டு விலகிய இடத்தில் நிறுத்தலாம்.

கண்ணாடி மங்கினால் எந்தப் பக்கம் என்று முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும். சென்னை போன்ற ஊரில் ஏசியால் கண்ணாடி குளிர்ந்து வெளிப்பக்கம் ஈரம் படியும். வைப்பர் போட்டு, ஏசி குளிரைக் குறைத்தால் சரியாகும். மலையிலோ மழையிலோ மூச்சுக்காற்றின் ஈரம் உள்பக்கம் படியும். அப்போது ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடி பக்கம் திருப்ப வேண்டும். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துவிடும்.

மேகம் மட்டும் ஏன் உயரத்தில்?

மூடுபனிக்கும் மேகத்துக்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை. தரையைத் தொட்டால் மூடுபனி, தொடாவிட்டால் மேகம். கொடைக்கானலில் நிற்பவர் "ஒரே மூடுபனி" என்பார். அதே நேரத்தில் கீழே வத்தலக்குண்டில் நிற்பவர் "மலை மேல மேகம் இறங்கியிருக்கு" என்பார். இருவரும் பார்ப்பது ஒன்றையே.

குளிர்கிற விதம்தான் வேறு. மேகத்தில் காற்று மேலே ஏறுவதால் குளிர்கிறது. உயரே போகப் போக அழுத்தம் குறையும், காற்று விரியும், விரியும்போது குளிரும். சைக்கிள் டியூப் காற்றைத் திறந்துவிட்டால் வெளியே வரும் காற்று சில்லென்று இருப்பதும் இப்படித்தான். ஏறும் காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 10 டிகிரி குளிர்கிறது. அதே தூரத்தில் அதன் பனிநிலை சுமார் 2 டிகிரி மட்டுமே குறையும். இரண்டும் சந்திக்கும் உயரத்தில் மேகம் பிறக்கும்.

இதை வைத்து ஒரு எளிய கணக்கு போடலாம். வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை 125 ஆல் பெருக்கினால், பகலில் வெயிலால் எழும் மேகத்தின் அடிப்பகுதி எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். வெப்பநிலை 34, பனிநிலை 24 என்றால் 1,250 மீட்டர். வெப்பத்தில் எழும் மேகங்களின் அடிப்பக்கம் கத்தியால் வெட்டினாற்போல் தட்டையாக இருப்பதன் ரகசியமும் இதுதான்.

காற்று மேலே ஏறக் காரணங்கள் பல. வெயில் தரையைச் சுடுவது, மலை குறுக்கே நிற்பது, இரு வேறு காற்றுகள் மோதுவது, காற்றழுத்தத் தாழ்வு நிலையைச் சுற்றிக் காற்று குவிவது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டுவதும், மலைக்குக் கிழக்கே இருக்கும் தமிழ்நாட்டுச் சமவெளியில் அப்போது மழை குறைவதும் மலையால் நடப்பவை.

மேகம் ஏன் கீழே விழுவதில்லை?

ஒரு கிலோமீட்டர் நீளம், அகலம், உயரம் கொண்ட சாதாரண வெண்மேகத்தில் சுமார் 500 டன் தண்ணீர் இருக்கும். இருந்தும் அது மிதக்கிறது. காரணம், ஒவ்வொரு துளியும் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான். அது நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில்தான் கீழே இறங்கும். எழுந்து வரும் காற்று அதைத் தூக்கிப் பிடிக்கப் போதும். இப்படிப்பட்ட சுமார் 10 லட்சம் துளிகள் சேர்ந்தால்தான் 2 மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்று உருவாகும். எல்லா மேகமும் மழை தராததற்கு இதுவே காரணம்.

மேகம் கறுப்பாகத் தெரிவதும் தண்ணீரின் நிறத்தால் அல்ல. மேகம் தடிமனாக இருந்தால் சூரிய ஒளி அடிப்பக்கம் வரை வந்து சேர்வதில்லை. விமானத்திலிருந்து பார்த்தால் அதே கருமேகத்தின் மேல்பக்கம் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும்.

சூடு கூடினால் என்ன ஆகும்?

காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால், அதில் இருக்கக்கூடிய நீராவியின் அளவு சுமார் 7 சதவீதம் கூடும். பூமி சூடாகும்போது இந்தக் கணக்கு சாதாரண விஷயம் இல்லை. மேலே தங்கும் ஈரம் அதிகமானால், கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். குறுகிய நேரத்தில் பெருமழை பெய்து நகரங்கள் மூழ்குவதைப் பற்றி விஞ்ஞானிகள் எச்சரிக்கும்போது, அதற்குப் பின்னால் இருக்கும் அடிப்படைக் காரணங்களில் இது முக்கியமானது.

சுருக்கமாகச் சொன்னால், பொருள் குளிர்ந்தால் பனித்துளி, அது 0 டிகிரிக்கும் கீழே போனால் உறைபனி, தரையோரக் காற்று குளிர்ந்தால் மூடுபனி, காற்று மேலே ஏறிக் குளிர்ந்தால் மேகம். வானிலை அறிக்கையில் குறைந்தபட்ச வெப்பநிலையும் பனிநிலையும் நெருங்கி வந்து, வானம் தெளிவாக, காற்று அமைதியாக இருக்கும் என்று சொன்னால், மறுநாள் காலை மூடுபனிக்கு வாய்ப்பு அதிகம். அன்று ஊருக்குக் கிளம்புபவர்கள் ஒரு மணி நேரம் தாமதமாகப் புறப்படலாம்.